சூப்ரண்டம்மாவுக்கு ஒரு வேலையும் இல்லை

குழல்வாய்மொழியம்மாளுக்குச் சத்தம் ஆகாது. சிலருக்குக் கத்தரிக்காய் ஆகாது, சிலருக்கு வாடைக்காற்று ஆகாது. இந்த அம்மாளுக்கு அடுத்தவர் வாயைத் திறந்தால் ஆகாது. தான் திறந்தால் அது சத்தம் இல்லை, புத்திமதி.

தென்காசியில் மொட்டைக் கோபுரத்துக்குத் தெற்கே, கோயிலில் பரம்பரையாகப் பரிவட்டம் கட்டிக்கொண்ட குடும்பத்தில் பிறந்தவள். பாட்டனார் காலத்தில் நஞ்சை இருந்தது. தகப்பனார் காலத்தில் நஞ்சையைப் பற்றிய பேச்சு இருந்தது. பாட்டனார் ஒரு நாள்கூட வரப்பில் கால் வைத்ததில்லையாம். வில்வண்டியில் உட்கார்ந்தபடி கண்ணை அசைப்பாராம், அறுப்பு முடிந்து களம் நிறைந்துவிடுமாம். அப்படிக் கண்ணை அசைத்து அசைத்தே நிலமெல்லாம் குத்தகைக்காரன் கைக்குப் போய்ச் சேர்ந்ததை மட்டும் அந்த வீட்டில் யாரும் சொல்ல மாட்டார்கள்.

அந்த வீட்டுக்கென்று ஒரு வழக்கம் உண்டு. பெண்கள் முப்பது பேருக்குப் பொங்கிப் போட்டு இடுப்பொடிந்து கிடந்தாலும், வெளியாள் வந்து கேட்டால், "நமக்கென்ன வேலை? சும்மாதான் இருக்கோம்" என்றுதான் சொல்ல வேண்டும். வேலை இருக்கிறது என்று சொல்வது கூலிக்காரர்கள் பேச்சு. சும்மா இருக்கிறேன் என்றால் நமக்குக் கீழே நாலு பேர் ஓடியாடிச் செய்கிறார்கள் என்று அர்த்தம். நாலு பேர் இல்லாமல் போய் ஒரு தலைமுறை ஆன பிறகும் அந்தப் பேச்சை அவர்கள் விடவில்லை. குழல்வாய்மொழியும் தாய்ப்பாலோடு அதைக் குடித்து வளர்ந்தாள்.

செங்கோட்டையில் வேலை பார்த்த ஒரு குமாஸ்தாவுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். அந்த மனுஷன் சாப்பிடும்போது வெற்றிலைப் பெட்டியைத் தட்டித் தாளம் போடுவாராம். அதை நிறுத்தினாள். தூக்கத்தில் குறட்டை விடுவாராம். அதற்காகத் தட்டித் தட்டி எழுப்பினாள். மூன்று வருஷத்தில் அவர் திருவனந்தபுரத்துக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். வீடு பார்த்ததும் வந்து கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவர், பதினாறு வருஷமாக வீடு பார்த்துக்கொண்டே இருக்கிறார். அங்கே ஒரு நாயர் ஸ்திரீயும் இரண்டு பிள்ளைகளும் இருப்பதாகச் செங்கோட்டைச் சந்தையில் பேச்சு. குழல்வாய்மொழியிடம் யாராவது கேட்டால், "அவ்வொ மாத்தல்ல இருக்காவொ" என்பாள். விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை.

பிறகு டிரெயினிங் படித்து, பெண்கள் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு டீச்சர் ஆனாள். அங்கே அவள் பெயர் எடுத்தது ஒரே ஒரு காரியத்துக்குத்தான். அவள் வகுப்பில் ஐம்பது பிள்ளைகள் வாயில் விரலை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்கும். படித்ததா என்று கேட்காதீர்கள். உட்கார்ந்திருக்கும். அதைப் பார்த்து ஊர்ப் பெரிய மனிதர்கள் மூக்கின்மேல் விரலை வைத்தார்கள்.

அறுபதாம் வருஷம், ஆவணியில், பெரிய பெண்களுக்கு இரண்டு வருஷத்தில் எட்டாம் வகுப்புப் பாடத்தை முடித்துப் பரீட்சைக்கு அனுப்பும் ஒரு படிப்பு மையத்தைத் தென்காசியில் மாதர் சங்கம் ஒன்று ஆரம்பித்தது. சர்க்கார் உதவி உண்டு. ஒரு பழைய வீட்டை வாடகைக்குப் பிடித்து, முன்கூடத்தில் வகுப்பு, பின்கட்டில் தங்கல். பாடம் எடுக்க இரண்டு டீச்சர்கள் பகலில் வந்து போவார்கள். கூடவே இருந்து மேய்க்க ஒரு சூப்ரண்டு வேண்டும். ஐம்பது பிள்ளைகளை வாய்பொத்த வைத்த அம்மாளைவிட்டால் வேறு யார்? பள்ளி வேலையை விட்டுவிட்டு, டிரங்குப் பெட்டியோடு வந்து மாடியறையில் ஏறிக்கொண்டாள்.

வேலை தற்காலிகம்தான். இரண்டாவது வருஷம் மேலிடத்து இன்ஸ்பெக்டர் வந்து பார்த்து நல்லபடியாக எழுதினால் நிரந்தரம். எழுதாவிட்டால் வடகரை. வடகரையில் அண்ணன் தில்லைநாயகம் தென்னந்தோப்பு ஒன்றைப் பார்த்துக்கொண்டு இருந்தான். பூர்வீக வீடு கைமாறிய பிறகு இவளுக்கு இருந்த ஒரே கூரை அவனுடையது. அங்கே மதினி சண்முகசுந்தரி இருந்தாள். விடுமுறைக்குப் போனபோதெல்லாம் மதினி இவளுக்கு அடுக்களைக்குப் பின்னால், தேங்காய் குவித்திருக்கும் அறையில்தான் பாயை விரித்துக் கொடுத்தாள். "உங்களுக்குத்தான் சத்தம் ஆகாதே, இங்கன யாரும் வர மாட்டாவொ" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். அந்தத் தேங்காய் அறைக்குத் திரும்பிப் போகக் கூடாது. நிரந்தர ஆர்டர் வர வேண்டும். காலையில் எழுந்ததும் அதையே நினைத்தாள், படுக்கும்போதும் அதையே நினைத்தாள்.

மையத்தில் சேர்ந்தது இருபத்திரண்டு பெண்கள். புருஷன் செத்தவள், புருஷன் விட்டவள், புருஷனை விட்டவள். பதினெட்டு வயதுக்காரியிலிருந்து முப்பத்தைந்து வயதுக்காரி வரை. ஒவ்வொருத்தியும் விண்ணப்பத்தில், "எனக்குப் போக்கிடம் இல்லை, ஆதரவு இல்லை" என்று எழுதிக் கைநாட்டோ கையெழுத்தோ போட்டிருந்தாள். அப்படி எழுதினால்தான் இடம். குழல்வாய்மொழி அந்தக் காகிதங்களை விரல் நுனியால் பிடித்து வாசித்தாள். இவளும் புருஷன் விட்டவள்தான் என்பது அப்போது அவளுக்கு ஞாபகமே வரவில்லை. அவர்தான் மாற்றலில் இருக்கிறாரே.

பெரிய பெண்களை எப்படி நடத்துவது என்று அவளுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்றும் தோன்றவில்லை. ஒன்றாம் வகுப்பை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து இங்கே இறக்கினாள். பிள்ளை பெற்று வளர்த்தவள் பெஞ்சின்மேல் ஏறி நிற்க வேண்டும். வயலில் நாற்று நட்டு, மாமியாருக்குப் பீ மூத்திரம் அள்ளி, பிணத்துக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தவள் வாயில் விரல் வைத்து உட்கார வேண்டும். சிரிக்கக் கூடாது. பேசவேண்டுமானால் கையைத் தூக்க வேண்டும். சூப்ரண்டம்மா கண்ணை அசைத்தால்தான் பேசலாம். வருகிற கடிதத்தை அவள் பிரித்துப் படித்துவிட்டுத்தான் கொடுப்பாள்.

இதெல்லாம் போக ஒரு ஒழுங்கு நோட்டு. நீளமானது, காலிகோ அட்டை போட்டது. தப்பு செய்தவள் பெயரைச் சிவப்பு மையில் எழுதுவாள். பத்துத் தப்பு சேர்ந்தால் பெயரை அடித்து ஊருக்கு அனுப்பிவிடலாம் என்று அவளே ஒரு சட்டம் போட்டுச் சங்கத்தில் ஒப்புதலும் வாங்கியிருந்தாள். எழுதுகிற தமிழைப் பார்க்க வேண்டுமே! மாடுகன்றைப் பற்றி எழுதுவதுபோல எல்லாம் அஃறிணை. "வள்ளித்தாய்: சாப்பிடுகையில் சிரித்தது." "நூர்நிஷா: ஜன்னலில் நின்று சாரலைப் பார்த்தது." "முப்பிடாதி: வாய்விட்டுப் படித்தது."

இந்த முப்பிடாதியம்மாள் ராயகிரிக்காரி. இருபத்தெட்டு வயது. புருஷன் பட்டாளத்தில் சேர்ந்து, பூனாவில் எவளையோ சேர்த்துக்கொண்டு, கடிதாசி போடுவதையும் நிறுத்திவிட்டான். பெண் குழந்தையைத் தாயிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள். பரீட்சை தேறினால் கிராமப் பள்ளியில் டீச்சராகலாம், குழந்தையைத் தன்னோடு வைத்துக்கொள்ளலாம். கம்பங்காட்டில் குருவி விரட்டி வளர்ந்த தொண்டை அவளுக்கு. வாயை மூடிக்கொண்டு படித்தால் எழுத்து தலைக்குள் ஏறாது. "கங்கை இமயமலையில் உற்பத்தியாகி" என்று ஒரு தடவை ஆரம்பித்தாள் என்றால் தெருவில் போகிற வண்டிமாடு நின்று கேட்கும்.

முதல் நாளே பெஞ்சின்மேல் ஏறச் சொன்னாள் குழல்வாய்மொழி. முப்பிடாதி பெஞ்சையும் தன் உடம்பையும் ஒரு தடவை பார்த்துக்கொண்டாள்.

"ஏறுதேன் டீச்சர். ஒடிஞ்சா என்னயச் சொல்லக்கூடாது."

கூடமே சிரித்துவிட்டது. முப்பிடாதிக்கு முதல் சிவப்பு மை: "எதிர்த்துப் பேசியது." சிரித்த இருபத்தொரு பேருக்கும் ஆளுக்கு ஒன்று. எழுதி முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. அந்த முக்கால் மணியும் சூப்ரண்டம்மா எவ்வளவு சந்தோஷமாக இருந்தாள் என்பதை அவள் முகத்தைப் பார்த்தவர்கள் சொல்வார்கள்.

ஒன்றரை வருஷம் இப்படியே ஓடியது. அறுபத்திரண்டு பங்குனியில் முப்பிடாதி கணக்கில் ஒன்பது விழுந்திருந்தது. அதில் ஆறு, வாய்விட்டுப் படித்ததற்கு. அம்மாள் நோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு கூடத்தின் நடுவில் வந்து நின்றாள்.

"ஏட்டி முப்பிடாதி, இன்னும் ஒண்ணு. ஒண்ணே ஒண்ணு. மறுநாள் ராயகிரி வண்டியில ஏத்திருவேன். பரீட்சையும் கிடையாது, கிரீட்சையும் கிடையாது."

அன்று சாயங்காலம் கிணற்றடியில் பாத்திரம் விளக்கும்போது வள்ளித்தாய் அழுதாள். அவளுக்கு எட்டு. நூர்நிஷாவுக்கு ஏழு. முப்பிடாதி அழவில்லை, சாம்பலை எடுத்துச் சட்டியை அழுத்தித் தேய்த்தாள்.

"இந்தப் பொம்பளைக்கு நம்ம தப்புதாம்ட்டி சோறு," என்றாள். "நாம தப்பு செஞ்சாத்தான் அவளுக்கு நேரம் போவுது. ஒருத்தியும் ஒண்ணும் குடுக்காதிய. பட்டினி போடுவோம்."

அன்றிலிருந்து மையம் மாறிப்போனது. சமையலுக்கு முறை, கூட்டுவதற்கு முறை, தண்ணீர் எடுக்க முறை என்று முப்பிடாதி ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினாள். சண்டை வந்தால் கிணற்றடியிலேயே தீர்த்துக்கொண்டார்கள். மணி அடிப்பதற்கு முன்னாலேயே கூடத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். முப்பிடாதி உதட்டை மட்டும் அசைத்துப் படிக்கப் பழகிக்கொண்டாள். அது அவளுக்கு எத்தனை கஷ்டம் என்பது அவள் கழுத்து நரம்பைப் பார்த்தால் தெரியும். கணக்கு வராதவளுக்குக் கணக்கு வந்தவள் சொல்லிக்கொடுத்தாள். சித்திரை, வைகாசி, ஆனி. சிவப்பு மைக்கூடு காய்ந்து போயிற்று.

இது ஏன் என்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் அந்த அம்மாளுக்கு நல்லது. யோசிக்கிற ஜாதியா அது? எல்லாம் தன் கண்ணசைவில் நடக்கிறது என்றே நினைத்தாள். பாட்டனார் வில்வண்டியில் உட்கார்ந்த மாதிரி மாடிப்படியின் உச்சியில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு கூடத்தைப் பார்ப்பாள். மிச்ச நேரத்தில் தூங்குவாள்.

ஆடி பிறந்ததும் இன்ஸ்பெக்டரம்மா வந்தாள். வேறு எப்போது வருவாள்? சென்னையில் இருக்கிற எந்த அதிகாரிக்கும் பங்குனி வெயிலில் தென்காசிப் பக்கம் ஆய்வு செய்யத் தோன்றாது. சாரல் விழுந்து, ஐந்தருவியில் தண்ணீர் கொட்டி, மங்குஸ்தான் கடை போட்டால்தான் சர்க்கார் காரியம் ஞாபகத்துக்கு வரும். இந்த அம்மாளும் குற்றாலத்தில் பங்களாவை எடுத்துக்கொண்டு ஒரு வாரம் தங்க வந்திருந்தாள். அவள் வந்த திங்கட்கிழமை காலையிலேயே தலை ஈரமாக இருந்தது.

ஆனாலும் விவரமானவள். கூடத்தில் உட்கார்ந்து கேள்வி கேட்டாள்; பெண்கள் பதில் சொன்னார்கள். கணக்கு கொடுத்தாள், போட்டார்கள். அடுக்களையைப் பார்த்தாள், சுவரில் இருந்த தாளைப் படித்தாள்.

"இந்த முறையெல்லாம் யார் போட்டது?"

"நாங்களே போட்டுக்கிட்டோம்மா," என்றாள் முப்பிடாதி.

குழல்வாய்மொழிக்கு அது பொறுக்கவில்லை. அவசரமாக முன்னால் வந்தாள். பரம்பரை வாய் தானாகத் திறந்தது.

"நான் கண்ண அசைச்சேம்மா. அதுக செய்யுது. எனக்கு இங்க ஒரு வேலையும் கிடையாது."

"ஒரு வேலையும் இல்லையா?"

"சும்மாதான் இருக்கேன். மாடியில உக்காந்திருப்பேன், கீழ எல்லாம் தன்னால நடக்கும். நான் ரெண்டு நாளு ஊருக்குப் போனாக்கூட ஒரு வித்தியாசமும் தெரியாது. அப்படிப் பழக்கி வச்சிருக்கேன்."

தென்காசிக்காரியாக இருந்தால் இதற்கு என்ன அர்த்தம் என்று புரிந்திருக்கும். 'அடேயப்பா, எவ்வளவு பெரிய ஆளு' என்று மூக்கில் விரல் வைத்திருப்பாள். இன்ஸ்பெக்டரம்மாவுக்கோ சொந்த ஊர் கோயம்புத்தூர்ப் பக்கம். அங்கே வேலை இல்லை என்றால் வேலை இல்லை என்றுதான் அர்த்தம். அவள் கைப்பையிலிருந்து நோட்டை எடுத்து ஒன்றுவிடாமல் எழுதிக்கொண்டாள். எழுதுகிறாள் என்றதும் நம் அம்மாளுக்குத் தலைகால் புரியவில்லை. இன்னும் நாலு வார்த்தை சேர்த்துச் சொன்னாள். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். தவளைக்காவது மழை வந்த குஷி என்று ஒரு நியாயம் இருக்கிறது.

புறப்படும்போது இன்ஸ்பெக்டரம்மா இவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"ரொம்பச் சந்தோஷம். இந்த மாதிரி உண்மையா ஒத்துக்கிறவங்களை நான் பார்த்ததே இல்லை. மூணு ஊர்ல சென்டர் ஆரம்பிச்சு, ஆள் இருந்தும் சூப்ரண்டு போஸ்ட் இல்லாமத் தவிக்கிறோம். இங்கே இருக்கிறதை எடுத்து அங்கே கொடுத்துடலாம். இங்கே அந்த முப்பிடாதியையே தலைவியாப் போட்டாப் போதும். எதுக்கும் சனிக்கிழமை ரயிலுக்குப் போறப்ப வந்து ஒரு தடவை பார்க்கிறேன். நீங்க கூடத்துக்குள்ள வராதீங்க. நீங்க இல்லாம எப்படி நடக்குதுன்னு பார்த்துட்டு ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டுடறேன்."

"அப்ப நான்?"

"நீங்கதான் சும்மா இருக்கேன்னு சொன்னீங்களே," என்று சிரித்துவிட்டுக் காரில் ஏறினாள். அருவிக்கு நேரமாகிவிட்டது.

அந்த ஐந்து நாளில் குழல்வாய்மொழியம்மாள் செய்த கூத்தைத் தென்காசியில் யாரிடம் சொன்னாலும் நம்ப மாட்டார்கள். ஒழுங்கு இருந்தால் வேலை போகும். ஆகவே ஒழுங்கைக் கெடுக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை காலையில் சுவரில் இருந்த தாளைக் கிழித்து அடுப்பில் போட்டாள். பெண்கள் அன்றைக்கும் அவரவர் முறை வேலையைச் செய்தார்கள். முறை அவர்களுக்கு மனப்பாடம். மத்தியானம் வள்ளித்தாயை மாடிக்குக் கூப்பிட்டாள்.

"உன்னயப் பத்தி அந்த நூர்நிஷா என்ன சொன்னா தெரியுமாட்டி? நீ புருஷன விட்டு ஓடி வந்தவன்னு சொல்லுதா."

"ஆமா டீச்சர், ஓடித்தான் வந்தேன்," என்றாள் வள்ளித்தாய். "அடி தாங்க முடியல. அவகிட்ட நான்தான் சொன்னேன்."

புதன்கிழமை கூடத்துக்கு வந்து, இரண்டு வருஷமாகச் சிரிக்காத முகத்தை இழுத்துச் சிரிக்க வைத்துக்கொண்டாள்.

"நல்லாச் சாரல் அடிக்குது. எல்லாரும் போயி அருவியில குளிச்சிட்டு வாங்கட்டி. சாவகாசமா வாங்க. சத்தம் போட்டு விளையாடுங்க."

இருபத்திரண்டு பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். நூர்நிஷா கையைத் தூக்கினாள். இவள் கண்ணை அசைக்கும்வரை காத்திருந்துவிட்டுப் பேசினாள்.

"பரீட்சைக்கு ரெண்டு மாசம்கூட இல்ல டீச்சர். நாங்க படிக்கோம்."

வியாழக்கிழமை குழம்பில் உப்பை அள்ளிப் போட்டாள். அதையும் தண்ணீர் விட்டு விளாவிச் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். ஒருத்தி முகம் சுளிக்கவில்லை. தன் கையால் உப்புப் போட்ட குழம்பை இவள் மட்டும் சாப்பிட முடியாமல் எழுந்தாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் முப்பிடாதி கிணற்றடியில் தனியாகத் துணி துவைத்துக்கொண்டிருந்தபோது குழல்வாய்மொழி வந்து நின்றாள். முந்தானையை விரலில் சுற்றிச் சுற்றிப் பிரித்தாள்.

"முப்பிடாதி, நாளைக்கு அந்த அம்மா வருதாவொ."

"தெரியும் டீச்சர்."

"கொஞ்சம் சண்ட கிண்ட போட்டுக்கிடுங்க. நீயாவது சத்தம் போட்டுப் படி. நான் எழுத மாட்டேன். சத்தியமா எழுத மாட்டேன்."

முப்பிடாதி துணியைப் பிழிந்தாள்.

"ஒன்றர வருசமா என் வாயக் கட்டிப் போட்டிய. இப்பத்தான் மூடிக்கிட்டுப் படிக்கப் பழகியிருக்கேன். இனிமே அத அவுக்கச் சொல்லுதியளா?"

"எனக்குப் போக இடம் இல்லட்டி!"

சொன்ன பிறகுதான் தான் சொன்னது குழல்வாய்மொழிக்குக் காதில் விழுந்தது. சுற்றுமுற்றும் பார்த்தாள். தேங்காய் அறையைப் பற்றியும் சொன்னாள், மதினியைப் பற்றியும் சொன்னாள். முப்பிடாதி துணியைக் கல்லின்மேல் வைத்துவிட்டு நேராகப் பார்த்தாள்.

"எங்கள்ல யாருக்கு டீச்சர் இருக்கு? இடம் இருந்தா நாங்க எதுக்கு உங்க பெஞ்சில ஏறி நிக்கோம்?"

குழல்வாய்மொழி மறுபடியும் முந்தானையை விரலில் சுற்றினாள்.

"கூத்துப் போட நாங்க வர மாட்டோம். எங்களுக்குப் பரீட்ச இருக்கு. உங்களுக்கு வேணும்னா ஒண்ணு சொல்லுதேன். அந்த அம்மாகிட்ட உள்ளதச் சொல்லுங்க. போக்கிடம் இல்லன்னு சொல்லுங்க. நாங்க அப்படி எழுதிக் குடுத்துத்தானே இங்கன சேந்தோம்? வாயா வெந்து போச்சு?"

ஒரு வாரம் முன்னால் என்றால் இந்தப் பேச்சுக்கு நோட்டில் அரைப் பக்கம் எழுதியிருப்பாள். இப்போது தலையை ஆட்டிவிட்டுப் படியேறினாள்.

சனிக்கிழமை காலை இன்ஸ்பெக்டரம்மா வந்தாள். கார் பின்சீட்டில் இரண்டு கூடை மங்குஸ்தான், ஒரு தகரம் நேந்திரங்காய் வறுவல். கூடத்தில் இருபத்திரண்டு பேரும் நாலு நாலு பேராக உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு நாற்காலியில் உட்கார்ந்து பத்து நிமிஷம் பார்த்தாள். முப்பிடாதி எழுந்து ஒவ்வொரு கூட்டத்துக்கும் போய் விடையைச் சரிபார்த்தாள். மடியில் ரிப்போர்ட் இருந்தது. கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

கதவுக்குப் பின்னால் நின்ற சூப்ரண்டம்மாவுக்கு அதற்குமேல் தாங்கவில்லை. ஒழுங்கு நோட்டைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள்.

"எல்லாம் வேசம்மா! நம்பாதிய! நான் இல்லன்னா இதுக ஒண்ண ஒண்ணு கடிச்சித் தின்னுரும்! இதப் பாருங்க, நோட்டப் பாருங்க!"

அந்தக் கூடத்தில் அத்தனை பெரிய சத்தம் அதுவரை கேட்டதில்லை. தெருவில் போன இரண்டு பேர் நின்று எட்டிப் பார்த்தார்கள். இன்ஸ்பெக்டரம்மா நோட்டை வாங்கிப் புரட்டினாள்.

"நாலு மாசமா ஒண்ணுமே எழுதலையே?" இன்னும் பின்னால் புரட்டினாள். "'ஜன்னலில் நின்று சாரலைப் பார்த்தது.' இது என்னம்மா தப்பு? நான் நானூறு மைல் தாண்டி வந்தது அதுக்குத்தானே?"

வள்ளித்தாய் சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். குழல்வாய்மொழி அவள் பக்கம் திரும்பி, "பாருங்க, சிரிக்குது! சிரிக்குது!" என்று கத்தினாள். கொண்டை அவிழ்ந்து தொங்கியது. பெண்கள் யாரும் அசையவில்லை.

"இவங்க எப்பவும் இப்படியா?" என்று இன்ஸ்பெக்டரம்மா முப்பிடாதியைக் கேட்டாள்.

ஒரு வார்த்தை போதும், முப்பிடாதி அந்த அம்மாளைக் குழி தோண்டிப் புதைத்திருக்கலாம். ஒன்பது சிவப்பு மைக்கும் வட்டியோடு தீர்த்திருக்கலாம். அவள் செய்யவில்லை.

"இல்லம்மா. அவ்வொ ஒரு கஷ்டத்துல இருக்காவொ. என்கிட்டச் சொன்னாவொ." குழல்வாய்மொழியின் பக்கம் திரும்பினாள். "டீச்சர், சொல்லுங்க. அம்மாகிட்டச் சொல்லுங்க."

இன்ஸ்பெக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தாள். குரல் இறங்கியது.

"என்ன கஷ்டம்? உட்காருங்க. வேலை போனா உங்களுக்குப் போறதுக்கு இடம் இருக்கா? இல்லைன்னா தயங்காமச் சொல்லுங்க. நான் இன்னும் கையெழுத்துப் போடல. இந்த போஸ்ட்டை இங்கேயே விட்டுட்டுப் போறதுக்கு எனக்கு ஒரு நிமிஷம் ஆகாது."

குழல்வாய்மொழி நிமிர்ந்தாள். எதிரே இருபத்திரண்டு பேரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எத்தனையோ நாள் பெஞ்சின்மேல் நிற்க வைத்த முகங்கள். எனக்குப் போக்கிடம் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுச் சேர்ந்த முகங்கள். அவர்கள் முன்னால் அதே மூன்று வார்த்தையைச் சொல்ல வேண்டும்.

"சொல்லுங்க டீச்சர்," என்றாள் முப்பிடாதி மறுபடியும், கெஞ்சுகிற குரலில்.

குழல்வாய்மொழி அவிழ்ந்த கொண்டையை அள்ளி முடிந்துகொண்டாள். சேலையைத் தோளோடு இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"எனக்கென்னம்மா கஷ்டம்? வடகரையில எங்க அண்ணாச்சி வீடு அரண்மன மாதிரி கிடக்கு. எப்ப வருவேன்னு மதினி வாசல்லயே நிக்கா. இந்த வேலையே ஒரு பொழுதுபோக்குக்குத்தான் பாத்தேன்."

முப்பிடாதி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அப்பாடா, இப்பத்தான் எனக்கு நிம்மதி," என்ற இன்ஸ்பெக்டரம்மா பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு, ரயிலுக்கு நேரமாகிறது என்று எழுந்தாள்.